வலது கை, ஆள்காட்டி விரல், நுனி எலும்பு

எனக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டாலே எரிச்சல் வரும். ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட வேலை என்றால் "நர்ஸா?" என்பார்கள். கம்ப்யூட்டரில் என்றால் "ஓ, ஐ.டி.யா?" என்பார்கள். இரண்டும் கிடையாது. நந்தனத்தில் ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில், ஏசி குளிருக்குச் சால்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து, அமெரிக்காவில் எவனெவனோ உடைத்துக்கொண்ட எலும்புக்கெல்லாம் நம்பர் போடுகிறேன். அங்கே டாக்டர் பார்த்து எழுதிய குறிப்பு என் திரைக்கு வரும். நான் அதைப் படித்து, இன்ன எலும்பு, இன்ன மாதிரி முறிவு என்று அதற்கு உண்டான கோட் நம்பரைப் போட்டு அனுப்ப வேண்டும். அதைப் பார்த்துத்தான் அங்கே இன்ஷூரன்ஸ்காரர்கள் அடுத்த வேலையைத் தொடங்குவார்கள். என் பங்குக்கு வந்தது கை. கையிலும் விரல்கள். எட்டு வருஷமாக விரல் விரலாக நம்பர் போட்டு, இப்போது மற்றவர்கள் போட்டதைத் திருத்துகிற இடத்தில் இருக்கிறேன்.

பெருமையடித்துக்கொள்கிறேன் என்று நினைக்காதீர்கள். காறித் துப்புவதற்காகத்தான் இதைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன். அதில் பெரும்பங்கு என் மூஞ்சியிலேயே விழும் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விரல் நுனி எலும்பு ஒரு வேர்க்கடலை அளவுதான் இருக்கும். ஆனால் அது முறிந்துவிட்டால் நாங்கள் கேட்கிற கேள்விகளைப் பார்க்க வேண்டுமே! எந்தக் கை? எந்த விரல்? முறிந்த துண்டு நகர்ந்ததா, இருந்த இடத்திலேயே இருக்கிறதா? தோல் கிழிந்த திறந்த முறிவா, உள்ளுக்குள்ளேயே உடைந்த மூடிய முறிவா? முதல் வைத்தியமா, மறுபடி காட்ட வந்ததா? ஒவ்வொரு பதிலுக்கும் அந்த நம்பரில் ஓர் இடம் உண்டு. இதில் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்கள். டாக்டர் "திறந்த முறிவு" என்று எழுதவில்லையென்றால் அது மூடிய முறிவுதான். நகம் பிய்ந்து தொங்கியது என்று எழுதியிருக்கட்டும், நாலு தையல் போட்டேன் என்று எழுதியிருக்கட்டும், அந்த ஒரு வார்த்தை இல்லையா, மூடியது என்று போட்டுவிட்டு அடுத்த கேஸுக்குப் போக வேண்டும். நாங்கள் டாக்டர் இல்லையாம், யூகிக்கக் கூடாதாம். சந்தேகம் வந்தால் அந்த டாக்டரையே எழுதிக் கேட்கலாம் என்று ஒரு வழியும் இருக்கிறது. யார் கேட்கிறார்கள்? கேட்டால் அந்தக் கேஸ் நாலு நாள் தொங்கும், எங்கள் டீம் லீட் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டு பெருமூச்சு விடுவான். புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்கு நானே இதைப் பாடம் எடுப்பேன். "மனசுக்குள்ள படம் ஓட்டாதீங்க, எழுத்தை மட்டும் பாருங்க" என்பேன். என்ன வாய் எனக்கு!

இத்தனைக்கும் எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூட நசுங்கிய விரலை நான் நேரில் பார்த்தது கிடையாது. ரத்தம் என்றால் எனக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வரும். மந்தைவெளியில் எங்கள் வீட்டில் வெண்டைக்காய் நறுக்கும்போது கத்தி பட்டுவிட்டால், கையை இந்தப் பக்கம் நீட்டிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வேன். பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருக்கிற என் வீட்டுக்காரர்தான் துடைத்து மருந்து போடுவார். "பெரிய கை நிபுணி!" என்று கிண்டல் வேறு செய்வார்.

எங்கள் மாடியைக் கூட்டித் துடைத்து, டீ போட்டு, குப்பை எடுக்க ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். கோட்டூர்புரம் ஹவுசிங் போர்டிலிருந்து காலை ஆறரைக்கெல்லாம் வந்துவிடுவாள். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். ஆனாலும் மாடியில் அத்தனை பேரும் அவளை "அக்கா" என்றுதான் கூப்பிடுவோம். பேர் என்ன என்று ஒருத்தரும் கேட்டதில்லை. அவள் கம்பெனி ஆள் கிடையாது, கான்ட்ராக்டர் அனுப்பும் ஆள். கீழே வாசலில் ஒரு மெஷின் இருக்கிறது. தினமும் வலது ஆள்காட்டி விரலை அதில் வைத்தால்தான் அவள் வந்ததாக அர்த்தம். ஒரு நாள் வராவிட்டால் போச்சு, மறுநாள் வேறொருத்தி துடைப்பத்தோடு நிற்பாள். இவளுக்கு முன்னால் இருந்தவளுக்கு அப்படித்தான் நடந்தது. இவளே அப்படி வந்து நின்றவள்தான்.

என் சீட்டுக்கு எதிர்ச்சுவரில் கை எலும்புகளின் படம் ஒன்று பெரிதாக மாட்டியிருக்கிறது. அதைத் துடைக்கும்போது ஒருநாள், "இன்னா மேடம் இது, மீன் முள்ளு மாரி கீது?" என்றாள். எனக்கும் அன்று கேஸ் குறைவு. எழுந்து போய், இது நுனி எலும்பு, இது நடு எலும்பு என்று தொட்டுக் காட்டினேன். வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள். "அப்ப நீ கை டாக்டரா மேடம்?" என்றாள். இல்லை என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? "கிட்டத்தட்ட அப்படித்தான்" என்றேன். அன்றிலிருந்து எனக்கு மட்டும் டீயில் இஞ்சி தட்டிப் போட்டுக் கொண்டுவருவாள். நானும் வெட்கமில்லாமல் குடித்தேன்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்தரை இருக்கும். மாடிப்படிக்குப் போகிற வழியில் ஓர் இரும்புக் கதவு உண்டு, தீப்பிடித்தால் தப்பித்து ஓடுவதற்கு. அநியாயக் கனம். குப்பைப் பைகளை இழுத்துக்கொண்டு, ஒரு கையால் கதவு நிலையைப் பிடித்தபடி அவள் வெளியே போயிருக்கிறாள். எதிரே யாரோ போன் பேசிக்கொண்டே உள்ளே வந்து, கதவை அப்படியே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். யார் என்று இன்றுவரை தெரியாது. அறுபது பேர் வேலை செய்கிற மாடியில் ஒரு ஜென்மமாவது "நான்தான்" என்று சொல்லவில்லை.

அவள் கத்தியது ஹால் முழுக்கக் கேட்டது. ஓடினோம். டீ போடுகிற பேன்ட்ரி வாசலில் தரையில் உட்கார்ந்து, வலது கையை முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, "யம்மா, யம்மா, உசுரு போவுதே" என்று முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். முந்தானை சிவந்துகொண்டே வந்தது. இனி நடந்த கூத்தைக் கேளுங்கள். சுற்றி நின்றவர்கள் இருபது பேர். இருபது பேரும் எலும்பு முறிவைக் கரைத்துக் குடித்தவர்கள். ஒரு பையன் குனிந்து, "எந்த விரல்க்கா? ஆள்காட்டி விரலா?" என்று கேட்டான். அவள் தலையை ஆட்டினாள். "ரைட் இன்டெக்ஸ்! எஸ் சிக்ஸ்டி டூ பாயிண்ட் சிக்ஸ் த்ரீ ஜீரோ!" என்றான் சத்தமாக.

"துண்டு நகரலைன்னா சிக்ஸ் சிக்ஸ் ஜீரோ" என்றாள் ஒருத்தி.

"நகர்ந்துச்சா இல்லையான்னு தெரியலைன்னா நகர்ந்ததுன்னுதான் போடணும். மறந்துட்டியா?"

"கதவுல நசுங்கினதுக்குத் தனி நம்பர் உண்டே! கதவு நகர்ற பொருளா, நிக்கிற பொருளா?"

"ஆபீஸ்ல நடந்ததுக்கு இன்னொண்ணு சேர்க்கணும்டா."

சிரிப்பு வேறு. கீழே ஒரு பொம்பளை ரத்தம் சொட்டச் சொட்ட உட்கார்ந்திருக்கிறாள், அவள் தலைக்கு மேலே இவர்கள் வினாடி வினா நடத்துகிறார்கள்!

"இவர்கள்" என்று சொல்லி நான் நழுவப் பார்க்கிறேன் பாருங்கள். கடைசியில் எல்லோரும் என் பக்கம்தான் திரும்பினார்கள், திருத்துகிறவள் நான்தானே. நான் வாயைத் திறந்து, விரலுக்கு உண்டானது, கதவுக்கு உண்டானது, ஆபீஸுக்கு உண்டானது என்று மூன்று நம்பரையும் ஒரே மூச்சில் சொன்னேன். "சூப்பர் மேடம்!" என்றான் டீம் லீட். இரண்டு பேர் கை தட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. கீழேயிருந்து வாட்ச்மேன் வந்து, எங்களையெல்லாம் தோளால் இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே புகுந்தார். "இன்னா வேடிக்க பாத்துக்கினு கீறீங்க? தள்ளுங்கயா" என்று சொல்லி, அவளைத் தூக்கி நிறுத்தி, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார்.

தி.நகரில் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டியிருக்கிறார்கள். காயத்தைக் கழுவி, எக்ஸ்ரே எடுத்து, தையல் போட்டு, தகடு வைத்துக் கட்டு கட்டி, ஊசி போட்டு அனுப்பிவிட்டார்கள். மறுநாள் காலை நான் வரும்போது அவள் மாடியில் நிற்கிறாள்! விரல் ஒரு வாழைப்பூ மொட்டு அளவுக்குக் கட்டாக இருக்கிறது. "ஏம்மா வந்தே?" என்றேன்.

"வராம? மெஷினு என் வெரல ஒத்துக்கல மேடம். வேற வெரலு மாத்தணும்னா அவங்க ஆபீஸ்லருந்து ஆளு வரணுமாம். அதுவரிக்கும் நோட்டுல எய்திக்கிறேன், ஆனா ஒரு நாளு காணோம்னா நான் பொறுப்பில்லன்னுட்டான் சூப்பர்வைசரு." இடுப்பில் செருகியிருந்த சீட்டை இடது கையால் எடுத்து என்னிடம் நீட்டினாள். "அந்த டாக்டரு பெரியாஸ்பத்ரில எலும்பு டாக்டராண்ட ஒரு தபா காமின்னாரு. அங்க போனா நாள் பூரா பூடும். நீதான் வெரலுங்கள எல்லாம் பாக்கறியே, இத்தப் பாத்து சொல்லு மேடம். போவணுமா, வேணாமா? நீ போன்னா போறேன். வேலை பூட்டாலும் பரவால்ல."

சீட்டைப் படித்தேன். வலது ஆள்காட்டி விரல் நுனி நசுங்கிய காயம். நகத்தடியில் கிழிசல், மூன்று தையல். எக்ஸ்ரேயில் நுனி எலும்பு முறிவு. எலும்பு மருத்துவரிடம் காட்டவும். அவ்வளவுதான் எழுதியிருந்தது. ஐந்து வயசுக் குழந்தைக்குக்கூடப் புரியும். நகத்தடியில் கிழிந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே எலும்பு உடைந்திருக்கிறது. அப்படியென்றால் அழுக்கு நேரே எலும்புக்குப் போக வழி இருக்கிறது. என் கண் அத்தனையையும் படித்தது. மூளை மட்டும் எட்டு வருஷமாகச் செய்த வேலையைச் செய்தது. எந்தக் கை, வலது. எந்த விரல், ஆள்காட்டி. திறந்த முறிவு என்ற வார்த்தை எங்காவது இருக்கிறதா? இரண்டு தடவை தேடினேன். இல்லை.

"பயப்படாதேம்மா. இது க்ளோஸ்டு. மூடின முறிவுதான். உள்ளுக்குள்ளயே விரிசல் விட்டிருக்கு. கட்டோட இருந்தா மூணு நாலு வாரத்துல தானா கூடிடும். பெரியாஸ்பத்திரி எல்லாம் வேண்டாம்."

"நெசமாவா மேடம்? குளோஸா?"

"நான் சொல்றேன்ல."

அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். "உன் வாய்க்குச் சக்கரை போடணும் மேடம்" என்று சொல்லிவிட்டு, இடது கையால் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள். எதைச் சொன்னாலும் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கிறவள் நான் என்று என்னைப் பற்றி எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. அந்த "நான் சொல்றேன்ல" நினைவுக்கு வரும்போதெல்லாம் என் நாக்கை அறுத்துப் போட்டால் என்ன என்று தோன்றுகிறது.

கட்டின் மேல் ஒரு பால் கவரைச் சுற்றி, அதற்கு மேல் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டு அவள் பாத்ரூம் கழுவினாள். ஆமாம், பாத்ரூம். அறுபது பேர் போகிற பாத்ரூம். கவரின் வாய் வழியே தண்ணீர் உள்ளே போவதை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுக் கை கழுவிக்கொண்டு, காகிதத்தில் துடைத்து, அந்தக் காகிதத்தை அவள் எடுக்க வேண்டிய கூடையில் போட்டுவிட்டு வந்தேன். எங்கள் ஒருத்தருக்கும் உறைக்கவில்லை. என்ன சோறு தின்கிறோமோ.

வெள்ளிக்கிழமை மதியம் நான் டப்பாவைத் திறந்து ரசம் சாதமும் பீன்ஸ் பொரியலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள்.

"மேடம், கட்டு ஈரமா கீது. ராவெல்லாம் விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. நாத்தம் வேற வருது. ஒரு தபா அவுத்துப் பாக்கறியா?"

கையை நீட்டினாள். துணி ஓரமெல்லாம் மஞ்சளும் பழுப்புமாக ஊறியிருந்தது. அந்த வாடை இருக்கிறதே, அழுகிய பழத்தின் மேல் மருந்தைக் கொட்டினாற்போல. நான் என்ன செய்தேன் தெரியுமா? சாப்பாட்டு டப்பாவை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். "ஐயோ, இங்க வேண்டாம்மா, சாப்பிட்டுட்டிருக்கேன்" என்றேன். பிறகு துப்பட்டாவை மூக்கில் வைத்துக்கொண்டு, "அது மருந்து நாத்தம்தான். கட்டை அவுத்தா எலும்பு நகர்ந்துடும். அப்புறம் அது வேற கேஸாயிடும்" என்று ஒரு விளக்கமும் கொடுத்தேன். விளக்கமாவது மண்ணாங்கட்டியாவது. பார்க்கப் பயம், அருவருப்பு. வாந்தி வந்துவிடுமோ என்று என் வயிற்றைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னது.

"துன்ற நேரத்துல வந்துட்டேன், மன்ச்சிக்க மேடம். நீ துன்னு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். மீதிச் சாதத்தை நான் சாப்பிட்டு முடித்தேன்.

சனிக்கிழமை வீட்டில் இதைச் சொன்னேன். குறைப்பட்டுக்கொள்வது போலத்தான் சொன்னேன், சாப்பிடும்போது வந்து நிற்கிறாள் பாருங்கள் என்று. என் வீட்டுக்காரர் பேப்பரை மடக்கி வைத்தார்.

"கட்டை அவுத்துப் பாத்தியா?"

"நான் ஏன் பாக்கணும்? அதான் சீட்டைப் படிச்சேனே. க்ளோஸ்டு."

"சீட்டுலயா சீழ் பிடிக்கும்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சுருக்கென்றதால்தான் கோபம் வந்தது. உங்களுக்கு என்ன தெரியும், எட்டு வருஷமாக இதைத்தான் பார்க்கிறேன் என்று கத்திவிட்டு எழுந்து போனேன். ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் குளத்தங்கரையில் காய்கறி வாங்கும்போது, ஒரு ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று தோன்றியது. அத்தனை பிளாக்கில் எந்த வீடு? பேர் தெரிந்தால் அல்லவா விசாரிக்க! "அக்கா வீடு எது?" என்றா கேட்பது? நல்ல சாக்கு கிடைத்தது. கத்தரிக்காயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

செவ்வாய்க்கிழமை புதுப் பிள்ளைகளுக்கு எனக்கு வகுப்பு. பாடம், விரல் முறிவு. ஒரு பெண் எழுந்து, "மேடம், நகத்தடியில தையல் போட்டிருந்தா, அந்த வழியா எலும்பு வரைக்கும் காயம் திறந்திருக்காதா?" என்று கேட்டாள். நல்ல பிள்ளை. "நீ டாக்டரா?" என்றேன். வகுப்பு சிரித்தது. "எழுதலைன்னா என்ன போடணும்?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டேன். "க்ளோஸ்டு!" என்று கோரஸாகக் கத்தினார்கள். அப்போது அவள் டீ தட்டை இடது கையில் ஏந்திக்கொண்டு வாசலில் நின்றிருந்தாள். அந்த வார்த்தை அவளுக்குத் தெரியும், நான்தானே சொல்லிக் கொடுத்தேன். இருபது பேர் சேர்ந்து சொன்னதும் அவளுக்கு ஒரு நிம்மதி. என்னைப் பார்த்துச் சிரித்தாள். கன்னம் ஒட்டிப்போய், கண் சிவந்து, உதடு காய்ந்து கிடந்தது. நானும் பதிலுக்குச் சிரித்தேன்.

புதன்கிழமை காலை டீம் லீடிடமிருந்து எல்லோருக்கும் ஒரு மெயில். பேன்ட்ரி பக்கம் துர்நாற்றம் வருவதாகப் புகார், உடனே நடவடிக்கை எடுக்கப்படும் என்று. அதற்குள் ஒருத்தி வாசனை ஸ்பிரேயைக் கொண்டுவந்து அங்கே அடித்துவிட்டும் போயிருந்தாள். பிறகு அவன் என் சீட்டுக்கே வந்தான். "மேடம், அவங்க உங்ககிட்டதான் நல்லா பேசுவாங்க. வீட்டுக்குப் போகச் சொல்லிடுங்க. கான்ட்ராக்டர்கிட்ட வேற ஆள் அனுப்பச் சொல்லிட்டேன்" என்றான். மனிதனா இவன் என்று பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அறைந்திருக்கலாம். "சரி" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன்.

பேன்ட்ரியில் ஃப்ரிட்ஜில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். உடம்பு அனலாகக் கொதித்தது. விரல் மட்டுமா, புறங்கை முழுக்க வீங்கி மினுமினுவென்று இருந்தது. "கஞ்சிகூட எறங்கல மேடம். குளிரு தூக்கித் தூக்கிப் போடுது" என்றாள். அப்போதுதான் எனக்குப் பயம் பிடித்தது. தோளில் தாங்கிக் கீழே கொண்டுவந்து ஆட்டோவில் ஏற்றினேன். ஆட்டோவில் ஏறினதும், "நோட்டுல எய்திக்கச் சொன்னியா மேடம்? பாதியில பூட்டேன்னு ஆப்சென்ட் போட்டுடப் போறான்" என்றாள். வேறு ஆள் வரப்போகிறது என்று எனக்குத் தெரியும். "சொல்லிட்டேன்" என்றேன்.

பெரிய அரசு ஆஸ்பத்திரி. சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, எலும்புப் பிரிவில் கட்டு மாற்றும் அறைக்குப் போவதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. டாக்டர் சின்ன வயசுப் பெண், தூங்காத கண். கட்டை வெட்ட ஆரம்பித்ததும் நான் வழக்கம்போல முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "நீங்க கூட வந்தவங்கதானே? அந்தக் கையைக் கெட்டியாப் பிடிங்க" என்று அதட்டினார். பிடித்தேன். பிடித்தால் பார்க்காமல் முடியாது. விரல் நுனி கறுத்துப்போயிருந்தது. நகம் பாதி தூக்கிக்கொண்டு நிற்க, தையல் சீழில் முங்கிக் கிடந்தது. டாக்டர் பஞ்சால் துடைத்ததும் உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. எலும்பு. நான் வாயைப் பொத்திக்கொண்டு மூலையிலிருந்த தொட்டிக்கு ஓடினேன். பின்னால் அவள் குரல் கேட்டது. "மேடமுக்கு ஆவாது டாக்டர். கொஞ்சம் தண்ணி குடுங்க அவுங்களுக்கு."

நான் திரும்பி வந்தபோது டாக்டர் அந்தப் பழைய சீட்டைப் படித்துக்கொண்டிருந்தார். "எலும்பு வரைக்கும் சீழ் போயிடுச்சு. முதல் மூட்டு வரைக்கும் எடுத்துத்தான் ஆகணும். இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கைக்கே ஆபத்து" என்றார். பிறகு அவளைப் பார்த்து, "அன்னைக்கே எலும்பு டாக்டர்கிட்ட காட்டச் சொல்லித் தெளிவா எழுதியிருக்கார். வந்திருந்தா நல்லா கழுவி மருந்து ஏத்தி விரலைக் காப்பாத்தியிருக்கலாம். ஏன்மா வரல? வர வேண்டாம்னு யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல டாக்டர்" என்றாள்.

டாக்டர் விடவில்லை. என்னைப் பார்த்தார். "நீங்க படிச்சவங்கதானே? கூடவேதானே இருக்கீங்க? நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?"

"சொன்னேன் டாக்டர். கேக்கல" என்றேன்.

தானாக வாயில் வந்துவிட்டது என்று எழுதத்தான் ஆசை. பொய். ஒரு நிமிஷம் யோசித்துத்தான் சொன்னேன். அந்தச் சின்ன வயசு டாக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிடுவாரே என்ற ஒரே காரணத்துக்காக, கூசாமல் சொன்னேன். அப்போது அவள் என்னைப் பார்த்தாள். காய்ச்சல் கண்ணால், கொஞ்ச நேரம். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"ஆமா டாக்டர். மேடம் அப்பவே போ போன்னு சொன்னாங்க. நான்தான் டபாய்ச்சிட்டேன்."

அதற்கப்புறம் ஐந்து நிமிஷம் அவளுக்குத் திட்டு. உங்களை மாதிரி ஆளுங்களாலதான், முத்திப்போன பிறகுதான் வருவீங்க, சொன்னா கேக்கறதில்ல, என்று அறையில் இருந்த அத்தனை பேர் எதிரிலும். அவள் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அவள் மணிக்கட்டு என் கையில்தான் இருந்தது. டாக்டர் திட்டிக்கொண்டே கேஸ் பேப்பரில் எழுதினார். எனக்குத் தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது, டாக்டர் எழுத்துப் படித்துப் பழகிய கண் அல்லவா. நோயாளியின் அலட்சியம் என்று எழுதியிருந்தது.

ஆபரேஷனுக்கு அவளிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, தள்ளு நாற்காலியில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு ஒரு மகள் உண்டு; அந்தப் பெண்ணுக்கு நான்தான் போன் போட்டிருந்தேன்; பஸ் ஏறிவிட்டதாகச் சொன்னாள். அதை அவளிடம் சொன்னேன். மன்னித்துவிடு என்று கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துப் பதறினாள்.

"மணி பன்னெண்டரை ஆவப்போவுது! நீ கெளம்பு மேடம். எம் பொண்ணு வந்துக்கினு கீறா. எனக்காகக் குந்திக்கினு இருந்து உன் வேலை பூடப் போவுது."

குத்திக்காட்டுகிறாளோ என்று அவள் முகத்தைத் துருவித் துருவிப் பார்த்தேன். குத்தலே இல்லை. எனக்கு வேலை போய்விடுமோ என்று அவள் மெய்யாகவே பயந்தாள். "சீக்கிரம் போ மேடம்" என்று இடது கையால் என்னைத் தள்ளினாள்.

நான் கிளம்பினேன். அவள் மகள் வரும்வரைகூட நிற்கவில்லை.